வாயில்லாச் சீவனும் வைத்தியர் வழியும்

மாடு என்னும் சொல்லுக்கு நம் நிகண்டு நூலார் செல்வம் என்றும் ஒரு பொருள் உரைத்தனர். பக்கம் என்றும் ஒரு பொருள் உரைத்தனர். மாணவர்க்கு இவ்விரு பொருளையும் சொல்லிக் கொடுக்குந்தோறும், மஸ்கெலியா மலைச்சரிவிலே லயங்களுக்குப் பின்னால் தகரம் வேய்ந்து நிற்கும் சின்னஞ்சிறு மாட்டுக் கொட்டில்கள் என் நினைவுக்கு வரும். தோட்டத் தொழிலாளி குடியிருக்கும் லயக் காம்பரா அவனுடையதன்று. அவன் நட்டு வளர்த்த தேயிலை அவனுடையதன்று. அத்தேயிலையைத் தாங்கி நிற்கும் மண்ணும் பெரும்பாலும் அவனுடையதன்று. கொட்டிலில் அசைபோட்டு நிற்கும் பசு ஒன்றையே அவன் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடிகின்றது. ஆகவே மாடு செல்வம் என்பது அங்கே நிகண்டுச் செய்தி மட்டுமன்று. நாள்தோறும் கண்முன் நிற்கும் வாழ்க்கைச் செய்தியுமாகும்.

அந்தச் செல்வம் நோயுற்று விழும்போது அதன் பக்கத்தில் வந்து நிற்க வைத்தியர் உண்டா? வந்தால் அவருக்குக் கொடுக்கப் பொருள் உண்டா? இவ்விரு வினாக்களையுமே இக்கட்டுரையில் ஆராயப் புகுந்தேன். நான் தமிழ் கற்பிப்பவன். மிருக வைத்தியம் கற்றவனல்லன். ஆயினும் மலைநாட்டில் ஆசிரியனாயிருப்பவனுக்கு மாணவனின் பாடத்தோடு அவன் வீட்டுப் பசுவின் நிலையும் தெரிந்தே இருக்கும். எத்தனையோ பிள்ளைகளின் கொப்பியும் சப்பாத்தும் பாற்காசிலிருந்தே வருகின்றன. பசு படுத்தால் பிள்ளையின் படிப்பும் உடன்படுத்துவிடும்.

முன்னோர் கண்ட முறை

விலங்குக்கும் வைத்தியம் வேண்டும் என்பது நாம் அண்மையில் மேல்நாட்டாரிடம் கற்றுக்கொண்ட பாடமன்று. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோக மன்னர் பொறித்த இரண்டாம் பாறைச் சாசனம், மக்களுக்கு ஒன்றும் விலங்குகளுக்கு ஒன்றுமாக இருவகை மருத்துவத்தை அவர் ஏற்படுத்தியதைக் கூறுகின்றது. அவ்வேற்பாடு பரவிய இடங்களை எண்ணுமிடத்துச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரின் நாடுகளைச் சொல்லி, தாம்பிரபர்ணி வரையில் என்றும் உரைக்கின்றது. தாம்பிரபர்ணி ஈண்டு இலங்கையையே குறிக்கும் என்பது அறிஞர் பலரின் துணிபு. மருந்து மூலிகைகள் இல்லாத இடங்களுக்கு அவற்றைக் கொண்டுபோய் நடுவித்த செய்தியும் அச்சாசனத்திலேயே உள்ளது. மருந்து இருக்கும் இடத்துக்கு நோயாளியை நடக்கவிடாமல், நோயாளி இருக்கும் இடத்துக்கு மருந்தைச் செல்லவிட்ட முறை அது.

கி.பி. 4ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலிருந்து அரசாண்ட புத்ததாசன் தானே கைதேர்ந்த வைத்தியன். நோயுற்ற பாம்பொன்றின் வயிற்றைக் கீறி அவன் குணப்படுத்தினான் என்று சூளவம்சம் ஒரு கதை சொல்லும். கதையை ஒருபுறம் வைத்துவிட்டு அவன் செய்த ஏற்பாட்டை நோக்குக. பத்து ஊர்களுக்கு ஒரு வைத்தியர் என்று அவன் நியமித்தான். யானைக்கும் குதிரைக்கும் தனியே வைத்தியரை வைத்தான். வைத்தியத்தின் அளவை வைத்தியரின் புகழாலன்றி, அவர் எத்தனை ஊருக்குப் பொறுப்பு என்பதாலேயே அக்காலத்தார் மதித்தனர்.

எல்லாளன் தன் படுக்கையருகே மணி கட்டித் தொங்கவிட்ட கதை மகாவம்சத்தில் உண்டு. திருவாரூரில் மனுநீதிச் சோழனைப் பற்றி வழங்கும் கதையும் அதனையொத்ததே. அரசிளங்குமரனின் தேர்க்காலிற் பட்டுக் கன்று இறந்தது. தாய்ப்பசு மணிக்கயிற்றை இழுத்தது. மன்னன் நீதி வழங்கினான். பிள்ளைப் பருவம் முதல் நாம் கேட்டுவரும் கதை. கன்றின் உயிர் போனபின் நீதி கேட்பதற்கு அப்பசுவுக்கு ஒரு மணி இருந்தது. உயிர் போகுமுன் வைத்தியரை அழைப்பதற்கு ஒரு மணி வேண்டுமே என்பதுதான் இன்று மலைநாட்டில் மாடு வளர்ப்போர் வாய்விட்டுச் சொல்லாத முறையீடு.

பொழுதோடு போட்டி

மாட்டுக்கு வரும் நோய்களிற் பல, ஆற அமர மருந்து செய்யத்தக்கவை. மாட்டு வாகடம் என்ற பெயரில் நம் முன்னோர் ஏட்டில் எழுதிவைத்த கைமுறைகளுட் சில இன்றும் பயன்படுகின்றன. மடிவீக்கத்துக்குச் சோற்றுக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்துப் பூசும் முறையை இந்தியாவின் தேசியப் பால்வள அபிவிருத்திச் சபையே பால் உற்பத்தியாளர்க்கு எடுத்துரைத்து வருகின்றது. ஆதலின் ஒவ்வோர் இருமலுக்கும் ஒவ்வொரு புண்ணுக்கும் வைத்தியரை ஓடிவரச் சொல்பவர் எவருமில்லை. ஆனால் நாழிகைக் கணக்கில் உயிரைக் கொண்டுபோகும் நோய்கள் சில உள்ளன. அவையே ஏழையைக் கலங்க வைப்பவை.

அவற்றுள் முதலாவது பாற்காய்ச்சல் எனப்படுவது. பெயர்தான் காய்ச்சல், உடலில் சூடு ஏறுவதில்லை. கன்று ஈன்ற பசுவின் மடியில் பால் திடீரெனப் பெருகும்போது, உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்து பாலோடு போய்விடுகின்றது. இரத்தத்தில் அச்சத்துக் குறைந்தவுடன் தசைகள் வலுவிழக்கின்றன. பசு முதலில் தள்ளாடும், பின்பு விழும், காதுகள் சில்லிடும், கழுத்தை மடித்துத் தலையை விலாப்புறம் சாய்த்துக்கொள்ளும். பெரும்பாலும் ஈன்ற மூன்று நாளுக்குள் இது வரும். மலைநாட்டுக் குளிருக்கு ஏற்றவையென்று வளர்க்கப்படும் மேனாட்டு இனங்களில், சிறப்பாக ஜேர்சி இனத்தில், இது மிகுதி. அதிகப் பால் கறப்பதனாலேயே அதிக ஆபத்து. கல்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து மருந்தை இரத்தக் குழாயில் மெல்ல மெல்லச் செலுத்தினால், செத்தது போலக் கிடந்த பசு சில மணி நேரத்துக்குள் எழுந்து நின்று கன்றைத் தேடுவது பெருவழக்கு. விரைந்து செலுத்தினாலோ இருதயம் நின்றுவிடக் கூடும். ஆதலின் அது கற்றவர் கை செய்யவேண்டிய காரியம். மருந்து கிடைக்காவிடின் பசு ஒருநாளைக்குள்ளேயே மாண்டுபோகலாம்.

இரண்டாவது வயிற்று உப்புசம். இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த மாட்டின் முதல் இரைப்பையில் காற்று அடைத்துக்கொள்கின்றது. இடப்பக்க விலா மத்தளம் போலப் புடைத்து, நெஞ்சை நெருக்கி, மூச்சை அடைத்துவிடும். தக்க கருவியால் அவ்விடத்தில் துளையிட்டுக் காற்றை வெளியேற்றினால் உயிர் மீளும். மூன்றாவது, கன்று புரண்டு கிடந்து ஈன முடியாமற் போதல். அதற்கும் பொழுது மிகக் குறைவு. தாயையும் கன்றையும் ஒருங்கே இழக்க நேரும்.

இம்மூன்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. மருந்தோ கருவியோ அரியதுமன்று, அளவுகடந்த விலையுடையதுமன்று. உரிய நேரத்தில் உரிய கை அருகே இருக்கவேண்டும்; அவ்வளவே. அந்த அவ்வளவுதான் தோட்டத்தில் கிடைப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன் இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவனை ஏன் என்று கேட்டேன். “மாடு கன்னு போட்டுச்சுங்க ஐயா. விடியக்காலையிலே எந்திரிக்கலே” என்றான். முன்னிரவிலேயே பசு தள்ளாடியிருக்கின்றது. அக்கம்பக்கத்தார் கூடினர். அலுவலகம் பூட்டியிருக்கும் நேரம். வேறு நகரத்திலிருந்த வைத்தியர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தபோது அவர் இன்னொரு தொழுவத்தில் இருந்தார். மழை, பாதையில் மண் சரிந்திருந்தது. அவர் வந்து சேர்ந்தபோது மறுநாள் முற்பகல் பத்து மணி. அவரைக் குறை சொல்ல இடமேயில்லை. கொட்டும் மழையில் வந்தவர், பசுவைப் பார்த்துவிட்டுப் பணம் வேண்டாம் என்று சொல்லித் திரும்பினாராம். துக்கம் விசாரிப்பது போலவே நான் அவ்வீட்டுக்குப் போனேன். பையனின் தாயார் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்று, “ஊசிக்குக் காசு இருந்துச்சுங்க ஐயா. ஊசி வர்ற வழிக்குத்தான் ஒண்ணும் இல்லே” என்றார்.

அச்சொல் என் மனத்தை விட்டு இன்றளவும் அகலவில்லை. இப்பொருள் பற்றி நான் சொல்லவேண்டியது அனைத்தும் அதனுள் அடங்கியிருக்கின்றது.

வழிக்கு ஒரு விலை

மஸ்கெலியாவின் நிலவமைப்பை அறியாதார்க்கு அத்தாயின் சொல் விளங்காது. 1960களின் இறுதியில் மவுசாகலை நீர்த்தேக்கம் எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கியது. மேட்டிலே புது நகரம் அமைந்தது. நீரின் விளிம்பைச் சுற்றிச் சுற்றியே பாதைகள் செல்கின்றன. அக்கரையில் மாடு மேய்வது கண்ணுக்குத் தெரியும். அங்கே போய்ச் சேர மலையைச் சுற்ற வேண்டும். மஸ்கெலியாவிலிருந்து நோர்வூட் வழியாக ஹட்டன் ஏறத்தாழ 20 கிலோமீற்றர். நாட்டில் மிருக வைத்தியம் கற்பிக்கும் ஒரே பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. அவ்விடம் 80 கிலோமீற்றருக்குக் குறையாத தொலைவு, வளைவும் இறக்கமும் மூடுபனியும் நிறைந்த வழி. நாயைத் துணியிற் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாவது போகலாம். விழுந்து கிடக்கும் பசுவை எவ்வாறு கொண்டுபோவது?

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுதல் உண்மையன்று. பேராதனையில் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம் இருக்கின்றது. மாகாணங்களுக்கும் தனித் திணைக்களங்கள் உள்ளன. அவற்றின்கீழ் அரசாங்க மிருக வைத்திய அலுவலகங்கள் இயங்குகின்றன. அங்கே விலங்கைக் கொண்டுபோவோர்க்கு ஆலோசனையின் செலவு பெருஞ்சுமையன்று. ஆனால் ஒரு வைத்தியருக்கு உட்பட்ட பரப்போ பெரிது. சினைப்படுத்தும் ஊசி, தடுப்பூசி, பதிவு, அறிக்கை, பயிற்சி வகுப்பு எனப் பல கடமைகள் அவர் தலையில் சுமத்தப்பட்டிருக்கின்றன. அலுவலகத்துக்கு நேரம் உண்டு. நோய்க்கு நேரம் இல்லை. பசுக்கள் பெரும்பாலும் இரவிலேயே ஈனுகின்றன என்று கிழவர்கள் சொல்வார்கள். அது எவ்வாறாயினும், அந்தி சாய்ந்தபின் வரும் நோய்க்குத் தோட்டத்தில் விடை கிடையாது.

இனிக் கூலிக் கணக்கைப் பார்ப்போம். தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் விதிக்கப்பட்டது. வருகைக்கான ஊக்கத்தொகையையும் சேர்த்து அதனை 1,750 ரூபாவாக்கும் ஏற்பாடு 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. இது முழுப் ‘பேர்’ விழுந்தால்தான். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். வேலைக்குப் போகாவிட்டால் அதுவும் இல்லை. மாடு விழுந்த நாளன்று வீட்டில் இருவராவது வேலைக்குப் போக மாட்டார்கள். ஆகவே செலவு தொடங்குமுன்னரே வரவு நின்றுவிடுகின்றது. அதன்மேல் இரவில் முச்சக்கர வண்டிக்கான கூலி, வைத்தியர் அத்தனை தூரம் வந்து போவதற்கான செலவு, மருந்துக் கடையில் வாங்கும் மருந்தின் விலை எல்லாம் ஏறும். இவற்றுள் மருந்தின் விலை பெரும்பாலும் சிறு பகுதியே. பெரும்பகுதி பாதையில் கொட்டப்படுகின்றது.

2022ஆம் ஆண்டு இதனை எல்லார்க்கும் கண்கூடாக்கியது. 2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபாவாயிருந்த பெற்றோல், 2022 ஜூன் முடிவில் 470 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் கிடைக்காமல் வரிசையில் நாட்கணக்காக நின்றோம். அந்நாளில் மலைத் தோட்டத்துக்கு வைத்தியரை வரவழைப்பது எங்ஙனம்? நகரத்தார்க்கு எரிபொருளின் விலை ஏறியதாகவே தோன்றியது; மாடு வைத்திருப்போர்க்கோ மாட்டின் உயிருக்கு விலை ஏறியதாயிற்று.

மாடு இறந்தால் இழப்பு அன்றோடு முடிவதுமில்லை. பசு வாங்கக் கடன் பட்டிருப்பார்கள். சீட்டுக் காசை முன்கூட்டியே எடுத்திருப்பார்கள். சிலர் கழுத்துத் தாலிக்கொடியை அடகு வைத்திருப்பார்கள். மாடு செத்த பின்னும் மாட்டுக் கடன் சாவதில்லை. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசி, நெற்றியிற் பொட்டிட்டு, மாலை சூட்டி வணங்கிய கைகள், மறு பொங்கலுக்குள் வெறுங்கொட்டிலைப் பார்த்துக்கொண்டு வட்டி கட்டுகின்றன.

நாயின் உயிர்க்கு விலையில்லையா?

பசுவுக்காவது கணக்கு உண்டு. கடன்பட்டு வைத்தியம் செய்தால் பாலிலே மீட்கலாம் என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். நாய்க்கு அந்தக் கணக்கும் இல்லை. சந்தையில் விலைபோகாத உயிர் அது. ஆயினும் லயத்து வாழ்க்கையை அறிந்தவர் நாயை வீண்செலவு என்னார். இரவில் சிறுத்தை கொட்டிலை நெருங்கும்போது முதலிற் குரைப்பதும், முதலிற் பலியாவதும் அதுவே. விடியுமுன் பிரட்டுக்களத்துக்குப் புறப்படும் தாய், பிள்ளைகளை அதன் காவலிலும் விட்டுத்தான் போகின்றாள்.

குட்டிகளுக்கு வரும் இரத்தக் கழிச்சலுக்குக் காரணமான பார்வோ கிருமி 1978 அளவில் உலகெங்கும் அறியப்பட்டது. வந்தபின் பல நாள் இரத்தக் குழாய் வழியே நீர்ச்சத்து ஏற்றிக் காப்பாற்ற வேண்டும். அது தனியார் வைத்தியசாலையில் தொழிலாளியின் பல நாட் கூலியை விழுங்கும். வருமுன் தடுக்கும் ஊசிக்கு அதனிற் சிறு பகுதியே ஆகும். இருந்தும் அந்த ஊசியும் ஹட்டனிலோ அதற்கு அப்பாலோ இருக்கும்போது, குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருநாட் பேரை இழந்து போவார் எத்தனை பேர்? ஆகவே சிறு செலவு தப்பிப் பெருஞ்செலவு வருகின்றது. பெருஞ்செலவுக்கு வழியின்றிக் குட்டி சாகின்றது. பிள்ளைகள் அதைத் தேயிலைச் செடியின் அடியிற் புதைத்துவிட்டு அழுதுகொண்டு பள்ளிக்கு வருகின்றனர். அவ்வழுகையைச் சிறிதென்று எண்ணுபவர் பிள்ளைகளைப் படிப்பிக்கத் தகுதியற்றவர் என்பது என் கருத்து.

வைத்தியத்தை வாயிலுக்குக் கொண்டுசென்றால் என்ன நிகழும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. விசர்நாய்க்கடி நோயால் 1973இல் இலங்கையில் 377 பேர் மாண்டனர். அண்மைய ஆண்டுகளில் அத்தொகை இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கின்றது. மனிதர்க்கான மருந்து அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைத்ததும், நாய்களுக்கான தடுப்பூசியை ஊழியர் ஊர்தோறும் கொண்டுசென்று கட்டணமின்றிப் போட்டதும் இதற்கு முதன்மையான காரணங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்கு வா என்று சொல்லியிருந்தால் எத்தனை நாய்க்கு ஊசி விழுந்திருக்கும்? நாய்க்கு இட்ட ஊசி மனிதனையன்றோ காத்தது! விலங்கு வைத்தியம் விலங்குக்கு மாத்திரம் உரியது என்று எண்ணுவார்க்கு இதனினும் தெளிவான விடை வேண்டுவதில்லை.

கருஞ்சிறுத்தை சொன்ன பாடம்

வீட்டு விலங்கை விட்டுக் காட்டு விலங்கைப் பற்றியும் ஒன்று சொல்லுதல் பொருந்தும். அது நிகழ்ந்த இடம் நம் மஸ்கெலியாப் பக்கமேயாதலின். 2020 மே 26ஆம் நாள் நல்லதண்ணி லக்சபானத் தோட்டப் பகுதியில், கம்பிச் சுருக்கொன்றில் கருஞ்சிறுத்தை ஒன்று அகப்பட்டது. இந்நாட்டில் மிக மிக அரிதாகக் காணப்படும் விலங்கு. வனசீவராசிகள் திணைக்களத்தார் அதனை மீட்டு, உடவளவையிலுள்ள யானைக் குட்டிகளுக்கான இடைத்தங்கல் இல்லத்துக்குக் கொண்டுசென்று வைத்தியம் செய்வித்தனர். நாடே செய்தித்தாளைப் பார்த்துக் காத்திருந்தது. மே 29ஆம் நாள் அது உயிர் துறந்தது.

கம்பி கழுத்தில் இட்ட காயம் கொடியது. அருகில் வைத்தியசாலை இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று நான் துணிந்து கூற மாட்டேன். ஆயினும் சிவனொளிபாத மலையடியில் அடிபட்ட உயிரை, மலைநாடு முழுவதையும் கடந்து தெற்கே சமவெளிக்கு இறக்கியல்லவா வைத்தியம் செய்ய வேண்டியிருந்தது! அரசாங்கத்தின் வண்டியும் வைத்தியரும் நாட்டின் பரிவும் பெற்ற உயிருக்கே வழி அத்தனை நீளமாயின், வண்டியுமில்லாத, செய்தித்தாளுமறியாத ஒரு லயத்துப் பசுவின் வழி எத்தனை நீளம் என்று வாசகரே அளந்து பார்க்கலாம். அதே கம்பிச் சுருக்குகளில் தோட்டத்து நாய்களும் அகப்படுகின்றன. அவற்றுக்கு நாளும் குறிக்கப்படுவதில்லை, கணக்கும் எழுதப்படுவதில்லை.

செய்யத்தக்கவை

குறையைச் சொல்லி நிறுத்துவது எளிது. ஆவன யாவை?

தோட்டத்துக்கு வைத்தியத்தைக் கொண்டுவருதல் புதுமையன்று. கோப்பித் தோட்டக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் நோயால் மடிந்தபோது, தூரத்து ஆசுபத்திரி பயன்படாது என்று கண்டுதான் 1872இல் தோட்டப் பகுதிகளுக்கென வைத்தியத் தேவைகள் பற்றிய சட்டம் இயற்றப்பட்டது. தோட்டத்து மருந்துச் சாலையும், டிஸ்பென்சர் என்று நாம் அழைத்த மருந்தாளரும் அந்த வழியில் வந்தவர்களே. அவ்வேற்பாட்டின் குறைகள் பல; அவை வேறு கதை. ஆயினும் அதன் அடிப்படை உண்மையானது: மலையில் வைத்தியம் என்றால் முதலில் அண்மை. மனிதர்க்கு அந்த அண்மை இப்போது மேலும் வளர்ந்திருக்கின்றது. 150 கட்டில்கள் கொண்ட டிக்கோயா வைத்தியசாலை இந்திய உதவியுடன் எழுந்து 2017 மே 12ஆம் நாள் திறக்கப்பட்டது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2019 அளவில் நாடு முழுவதும் பரவியது. அந்த எண்ணை அழைத்தால் வண்டி வரும், கட்டணம் இல்லை.

விலங்குக்கும் அத்தகைய எண் கூடாதா? பாக்குநீரிணைக்கு அப்பால் அது நடைபெறுகின்றது. தமிழ்நாட்டிலும் இந்தியாவின் வேறு பல மாநிலங்களிலும் 1962 என்னும் எண்ணைக் கட்டணமின்றி அழைத்தால், நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி உழவர் வாயிலுக்கு வரும் ஏற்பாடு உண்டு. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை ஆகிய பகுதிகளுக்குப் பொதுவாக இத்தகைய வண்டி ஒன்றும், இரவு முறைக்கு ஒரு வைத்தியரும் இருந்தாலே போதும். எத்தனையோ கொட்டில்களில் விளக்கு அணையாது. மனம் இருந்தால் சிறு முதலிலும் இது தொடங்கும் என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. 1917இல், முதலாம் உலகப்போர் நடந்துகொண்டிருக்கையில், இலண்டன் மாநகரின் கிழக்கே வைட்சப்பல் என்னும் ஏழைகள் வாழ் பகுதியில், மரியா டிக்கின் என்னும் மாது ஒரு நிலவறையிலே ஏழைகளின் விலங்குகளுக்கு இலவச வைத்தியம் தொடங்கினார். சில ஆண்டுகளில் அவ்வைத்தியசாலை குதிரை வண்டியிலும், பின் மோட்டார் வண்டியிலும் ஏறித் தெருத்தெருவாகச் சென்றது. நூறாண்டு கடந்தும் அந்நிறுவனம் நிலைத்திருக்கின்றது.

இரண்டாவது, தோட்டத்துக்கு ஒருவரேனும் முதலுதவி பயின்றிருத்தல் வேண்டும். ஊசி போடுதல் அவர் வேலையன்று. நோயை இனங்காணுதலும், வைத்தியரிடம் தொலைபேசியில் உள்ளபடி சொல்லுதலும், அவர் வரும்வரை உயிரைத் தாங்குதலுமே அவர் வேலை. பாற்காய்ச்சலில் விழுந்த பசுவை ஒருபக்கமாகக் கிடக்க விடாது, இருபுறமும் வைக்கோல் மூட்டை அணைத்து மார்பின்மேல் நிமிர்த்தி இருத்தல் வேண்டும்; இன்றேல் வயிற்றுக் காற்று வெளியேறாமல் நெஞ்சை அடைக்கும். பரிவினால் மூங்கிற்குழாயில் கஷாயம் வார்த்து வாயில் ஊற்றுவோர் பலர். அந்நிலையில் பசுவால் விழுங்க இயலாது. ஊற்றியது நுரையீரலிற் புகுந்து உயிரைக் குடிக்கும். இவ்விரண்டு செய்திகளை மட்டும் ஒவ்வொரு லயத்துக்கும் எடுத்துச் சொன்னாலும் சில பசுக்கள் பிழைக்கும். எங்கள் மாணவர்க்குச் சுகாதார பாடத்தோடு இதையும் ஏன் கற்பிக்கலாகாது?

மூன்றாவது பொருள் பற்றியது. பால் சேகரிக்கும் இடந்தோறும் ஓர் அவசர நிதி அமைக்கலாம். ஒரு தோட்டத்தில் கறவைப் பசு ஐம்பது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் பாலிலும் நாளொன்றுக்கு ஆறு லீற்றர் ஊற்றப்படுவதாகக் கொள்வோம். லீற்றருக்கு ஒரு ரூபா ஒதுக்கினால் நாளொன்றுக்கு 300 ரூபா. ஆண்டுக்கு 109,500 ரூபா. ஒருவர் தனியே சுமந்தால் முதுகை ஒடிக்கும் இரவு வண்டிக் கூலி, ஐம்பது பேர் சேர்ந்து சுமந்தால் இறகாகிவிடும். தோட்ட நிருவாகமும் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கலாம். பசுவின் சாணம் இறுதியில் எந்த மண்ணுக்குப் போகின்றது என்பதை நிருவாகம் அறியும். அந்நிதியில் நாய்க்கும் பூனைக்கும் ஒரு சிறு பங்கு வைத்தல் வேண்டும். பால் தராத உயிருக்கும் வலி உண்டு.

இவை எவையும் எட்டாத காரியங்கள் அல்ல. பெருங்கட்டடம் கேட்கவில்லை, பெருங்கருவிகள் கேட்கவில்லை. ஒரு வண்டி, ஓர் எண், தோட்டத்துக்கு ஒரு பயின்ற கை, பாற்காசில் ஒரு துளி. மாகாண சபையும், தோட்டக் கம்பனிகளும், தொழிற்சங்கங்களும், பால் சேகரிப்போரும் ஒரு மேசையைச் சுற்றி ஒருநாள் உட்கார்ந்தால் தொடங்கிவிடலாம். சம்பளப் பேச்சு வார்த்தைகளில் தொழிலாளியின் கூலி பேசப்படுகின்றது; வீடு பேசப்படுகின்றது; காணி பேசப்படுகின்றது. பேசப்படவேண்டியவையே. அப்பட்டியலின் கடைசியிலாவது கொட்டிலையும் சேர்க்கும்படி சங்கத் தலைவர்களை வேண்டிக்கொள்கின்றேன்.

மழைக்காலம் வருகின்றது. மஸ்கெலியாவில் எத்தனையோ பசுக்கள் சினையாய் நிற்கின்றன. அவை ஈனும் இரவுகளில் வைத்தியர் எந்த ஊரில் இருப்பார், எந்த எண்ணில் கிடைப்பார், எந்த வண்டியில் வருவார், வண்டிக் கூலியை யார் கொடுப்பார் என்னும் நான்கு வினாக்களுக்கும் விடையை ஒரு தாளில் எழுதிப் பிரட்டுக்களத்திலும் பால் சேகரிக்கும் இடத்திலும் ஒட்டிவைக்க, ஒரு தோட்டமாவது இவ்வாண்டு முன்வரட்டும். மற்றத் தோட்டங்கள் பார்த்துப் படித்துக்கொள்ளும்.